எந்த வற்றாளங்கிழங்கு என்று சொல்லி எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன கிழமை உங்கள் சமையல் பக்கத்தில் வற்றாளங்கிழங்கு (சர்க்கரைவள்ளிக்கிழங்கு) ரொட்டி வந்திருந்தது. ஒரு கோப்பை மசித்த கிழங்கு, இரண்டு கோப்பை கோதுமை மா, தேங்காய்ப்பூ, உப்பு என்று சுருக்கமாகத்தான் இருந்தது, சரி, பேரப்பிள்ளைகள் வருகிறார்களே என்று பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் ஒரு பை கிழங்கு வாங்கி வந்து அவித்து மசித்தேன். குழைக்கக் குழைக்க மா கையிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது. இன்னும் ஒரு கோப்பை மா போட்டேன், அப்புறம் இன்னும் அரைக் கோப்பை. கடைசியில் கல்லில் போட்டது ரொட்டியும் இல்லை, களியும் இல்லை. பேத்தி அதற்கு சீனி தூவி "கேக்" என்று சொல்லிச் சாப்பிட்டாள், அது அவளுடைய நல்ல மனம்.

பிழை செய்முறையில் இல்லை. எந்தக் கிழங்கு என்று எழுதாததில்தான் இருக்கிறது. இங்கே பிரித்தானியாவில் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய் வற்றாளங்கிழங்கு என்று எடுத்தால் கிடைப்பது அநேகமாக செம்மஞ்சள் சதை உள்ளது. ஈரம் கூட, இனிப்பும் கூட. நாங்கள் ஊரில் அவித்துக் கட்டைச் சம்பலோடு தின்ற கிழங்கு, சிவப்புத் தோலும் வெள்ளைச் சதையுமாக, உடைத்தால் மாவாக உதிர்ந்து தொண்டையில் விக்கும். அது வேறு. அதற்குத் தமிழ்க் கடைக்குப் போகவேண்டும், அல்லது தெற்கு லண்டனில் பிரிக்ஸ்டன் சந்தைப் பக்கம், ஏனென்றால் கரீபியன் சனத்துக்கும் அந்த வெள்ளைக் கிழங்குதான் வேணும். அமெரிக்காவிலும் இதே குழப்பம் இருந்தது. 1930களில் லூசியானா விவசாயிகள் தங்கள் செம்மஞ்சள் கிழங்கை மற்றதிலிருந்து பிரித்துக் காட்ட "யாம்" என்று பேர் வைத்து விற்றார்கள். யாம் என்றால் எங்களுக்கு இராசவள்ளி சாதி, அது வேறு குடும்பம். பிறகு அரசாங்கம் தலையிட்டு, யாம் என்று போட்டாலும் பக்கத்தில் வற்றாளங்கிழங்கு என்றும் போடவேண்டும் என்று சொல்லிவிட்டது.

இங்கே செம்மஞ்சள் ஏன் இப்படி நிறைந்து கிடக்கிறது என்றால், பிரித்தானியாவுக்கு வருவதில் பெரும்பகுதி நீண்ட காலமாக அமெரிக்காவிலிருந்து, அதிலும் முக்கியமாக வட கரோலினா என்ற ஒரே மாநிலத்திலிருந்து வருவதுதான் காரணம். எகிப்து, ஸ்பெயின் கிழங்கும் வருகிறது, ரொட்டர்டாம் துறைமுகத்தில் இறங்கி ஒல்லாந்து வழியாகச் சுற்றி வருவதும் உண்டு. வட கரோலினாவில் இப்போது அதிகம் நடுவது கோவிங்டன் என்ற இனம், அந்த மாநிலப் பல்கலைக்கழகமே உருவாக்கி 2005இல் வெளியிட்டது. அதற்கு முன் 1987இல் லூசியானாவில் வந்த பொரிகார்ட். இரண்டும் செம்மஞ்சள். கிண்டின உடனே கப்பலில் ஏற்றுவதில்லை. ஏறக்குறைய 30 பாகை வெப்பத்தில், நல்ல ஈரக் காற்றில், ஒரு கிழமை அளவுக்கு அடைத்து வைக்கிறார்கள், அப்போது கிண்டும்போது பட்ட காயமெல்லாம் ஆறித் தோல் இறுகும். பிறகு 13, 14 பாகையில் வைத்தால் அடுத்த அறுவடை வரைக்கும் தாங்கும். அதனால்தான் எங்களுக்கு ஆடி மாதமும் தை மாதமும் ஒரே கிழங்கு. 2018 செப்டெம்பரில் புளோரன்ஸ் புயல் அங்கே அடித்தது அறுவடை தொடங்கின நேரம், வயலெல்லாம் வெள்ளத்தில் கிடந்தது. ஒரு மாநிலத்தை நம்பியிருந்தால் இப்படித்தான்.

இனி எங்கள் கடைக்காரருக்கு ஒரு வார்த்தை, பேர் வேண்டாம். வெள்ளைக் கிழங்கு வாங்கி வந்து முக்கால் மணித்தியாலம் அவித்தேன், வெளியே வெந்தது, நடுவில் மட்டும் பச்சைக் கிழங்கு மாதிரிக் கடுக்குக் கடுக்கென்று கடிபடுகிறது. இன்னும் அரை மணித்தியாலம் அவித்தும் இளகவில்லை. காரணம், கீரையோடு சேர்த்துக் குளிர் அலமாரியில் வைத்திருந்தார்கள். இது வெப்ப நாட்டுச் செடி, 10 பாகைக்குக் கீழே நாட்கணக்கில் வைத்தால் உள்ளே கெட்டுவிடும், அப்புறம் எவ்வளவு அவித்தாலும் நடு இறுகியே இருக்கும். எந்த நாட்டுக் கிழங்கு தம்பி என்று கேட்டேன். "மார்க்கெட்டில இருந்து வருது அன்ரி" என்றார். சூப்பர் மார்க்கெட் பையில் நாட்டின் பேர் இருக்கிறது, எங்கள் கடைப் பெட்டியில் கிலோ விலை மட்டும்தான். வீட்டில் பிரிட்ஜில் வைப்பவர்களும் இதைக் கவனிக்க வேணும், வெங்காயம் வைக்கும் இடத்தில் வைத்தால் போதும்.

உங்கள் பக்கத்தில் வற்றாளங்கிழங்கு சீனி வருத்தக்காரருக்கு மிக நல்லது என்று ஒரு கட்டம் போட்டிருந்தீர்கள். அதையும் கொஞ்சம் பிரித்து எழுதலாமே. விற்றமின் ஏ தரும் கரோட்டின் செம்மஞ்சளில்தான் நிறைய, வெள்ளையில் பெயருக்குத்தான். அடுத்தது, இக்கிழங்கை அவன் அடுப்பில் மெதுவாகச் சுடும்போது உள்ளே உள்ள மாச்சத்து சீனியாக மாறும், அதனால்தான் சுட்டது அவ்வளவு தித்திப்பு. அவித்ததைவிடச் சுட்டதுதான் இரத்தத்தில் வேகமாக ஏறும். தேசிய சுகாதார சேவை சொல்லும் "நாளுக்கு ஐந்து" கணக்கில் வற்றாளங்கிழங்கு சேரும், உருளைக்கிழங்கு சேராது என்பது உண்மைதான். அதற்காக இரண்டு தட்டு சாப்பிடலாம் என்று எங்கள் ஆட்கள் விளங்கிக்கொண்டு விடுவார்கள், எனக்குத் தெரியும், என் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார்.

இங்கேயே பயிரிடலாமே என்று கேட்பவர்களுக்கு: ஜோன் ஜெரார்ட் என்ற மூலிகைக்காரர் 1597இலேயே, லண்டனில் வாங்கித் தன் தோட்டத்தில் நட்டதாகவும், குளிர்காலம் வரைக்கும் நன்றாக இருந்து பிறகு அழுகிப்போனதாகவும் எழுதி வைத்திருக்கிறார். அப்போது இந்த நாட்டில் "பொட்டேட்டோ" என்றாலே வற்றாளங்கிழங்குதான், இன்றைய உருளைக்கிழங்குக்கு அவர் "வர்ஜீனியா" என்று அடைமொழி போடவேண்டி இருந்தது. நானும் போன வருடம் மே கடைசியில் என் தோட்டத் துண்டில் பன்னிரண்டு கொடி நட்டேன். ஒக்டோபரில் கிண்டினால் விரல் தடிப்பில் வேர், ஒன்றே ஒன்று மட்டும் கை அளவு. கொடி வேலி வரைக்கும் ஓடியிருந்தது, இலையை வறை வறுத்துச் சாப்பிட்டதுதான் மிச்சம். இந்த வருடம் கறுப்புப் பொலித்தீன் விரித்து அதற்குள் நட்டிருக்கிறேன், மண் சூடு பிடிக்கட்டும் என்று.

ஆகவே ஆசிரியரே, அடுத்த முறை "வெள்ளைக் கிழங்கு" அல்லது "செம்மஞ்சள் கிழங்கு" என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள். சூப்புக்கும் அவன் அடுப்பில் சுடும் சிப்ஸுக்கும் செம்மஞ்சள் சரி. ரொட்டிக்கும் சம்பலுக்கும் சரிவராது, அதில் மட்டும் யாரோடும் சமாதானத்துக்கு வரமாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகி,
கிழக்கு லண்டன்