பழைய றேசிங் சைக்கிளை வெட்டி மாற்றுவோர் கவனத்திற்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

தங்கள் நாளிதழின் சிறு விளம்பரப் பகுதியில் "பிக்சட் கியராக மாற்றிய பழைய றேசிங் சைக்கிள் விற்பனைக்கு" என்ற வகையான விளம்பரங்களை அண்மைக் காலமாகக் காண்கிறேன். அவற்றுட் சில, சில வாரங்களின் பின் குறைந்த விலையுடன் மீண்டும் வெளிவருவதையும் கவனித்தேன். அதே வழியிற் சென்று நட்டப்பட்டவன் என்ற முறையில் இதனை எழுதுகிறேன். பழைய சைக்கிளை மாற்றுவதே பிழை என்பது என் கருத்தன்று. பழைய நிலைக்குத் திருப்ப முடியாதபடி வெட்டியும் அராவியும் மாற்றுவதுதான் பிழை. சைக்கிளின் விலை விழுவதும் அந்த இடத்தில்தான்.

விடயம் அறியாதவர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டும். சாதாரண சைக்கிளிற் பின்சில்லின் பற்கள் பிறீவீலில் இருப்பதால், நாம் மிதிப்பதை நிறுத்தினாலும் சில்லு தன்பாட்டில் உருளும். பிக்சட் கியரிற் பற்சில்லு நேரே சில்லின் நடுப்பகுதியான ஹப்பில் முறுக்கப்பட்டிருக்கும். சில்லு சுற்றும்வரை பெடலும் சுற்றும், காலுக்கு ஓய்வில்லை, பெடலை எதிர்த்து அழுத்தினால் வேகம் குறையும். இது இன்று வந்த புதுமையன்று. பிறீவீல் பரவுவதற்கு முன் ஓடிய சைக்கிள்கள் பெரும்பாலும் இவ்வாறானவையே. கியர் மாற்றும் வசதியும் பிந்தியே வந்தது: பிரான்சின் பெயர்பெற்ற டூர் டி பிரான்ஸ் போட்டியிற்கூட, ஓடும்போதே செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவிக்கு 1937 ஆம் ஆண்டிலேதான் அனுமதி கிடைத்தது. மேடு பள்ளம் இல்லாத எமது யாழ்ப்பாணச் சுண்ணக்கல் நிலத்தில், விடியற்காலையிற் பலாலி வீதியில் ஒற்றைப் பல்லுடன் ஓடுவது சுகமானது என்பதை நான் அனுபவித்து அறிந்தவன். சோழகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களிற் பண்ணைத் தாம்போதியால் வேலணைப் பக்கம் மிதித்துச் செல்லும்போது மட்டும் கியர் இல்லாத குறை முழங்காலுக்குத் தெரியும்.

என்னிடம் இருந்தது, 1980 களின் தொடக்கத்தில் என் சித்தப்பா இங்கிலாந்திலிருந்து அனுப்பிய றலி பத்துக் கியர்ச் சைக்கிள். முன்னே 52, 42 என இரண்டு பற்சில்லுகளும், பின்னே 14 முதல் 28 வரை ஐந்தும், புறூக்ஸ் தோல் இருக்கையும் அதில் இருந்தன. பிறேமில் றெய்னோல்ட்ஸ் 531 என்ற சிறு ஒட்டுப்படம் இருந்தது. 1935 இல் அறிமுகமான அந்த மங்கனீசு மொலிப்டினம் உருக்குக் குழாய், பழைய சைக்கிள்களைத் தேடுபவர்கள் முதலிற் குனிந்து பார்க்கும் அடையாளம் என்பது எனக்கு அப்போது தெரியாது. யாழ்ப்பாணத்து மக்கள் இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு, இரண்டு உரப்பைகளைப் பாரிற் தொங்கவிட்டு அப்பா இந்தச் சைக்கிளைத்தான் நாவற்குழிப் பாலத்தால் தள்ளிச் சென்றார். அவ்வளவு தூரம் எங்களுடன் வந்த ஒரு பொருளை, அதன் பின்னர் நான் கொட்டிலில் போட்டு மறந்துவிட்டேன்.

2022 இல் எரிபொருள் இல்லாமல் யாழ்ப்பாணம் முழுவதும் மீண்டும் சைக்கிளுக்குத் திரும்பியபோது அதை வெளியே எடுத்தேன். கியர் வயர்கள் இறுகியிருந்தன. 27 அங்குல ரயர் எனக்கு எங்கும் கிடைக்கவில்லை. திருத்தக் கொடுத்த இடத்தில், "இப்ப பெடியள் பிக்சட் கியர்தான் தேடுறாங்கள், மாத்திவிட்டால் இரண்டு மடங்கு விலை போகும்" என்றார்கள். நான் சம்மதித்தேன். பின் கவையோடு ஒன்றாக வார்க்கப்பட்டிருந்த, கியர் தொங்கும் காதை கிறைண்டரால் வெட்டினார்கள். கியர் நெம்புகள் பொருந்தும் குமிழ்களையும், பிறேக் வயர் செல்லும் வளையங்களையும் அராவி எடுத்தார்கள். பின்னர் முழுவதற்கும் கறுப்பு ஸ்பிறே அடித்தார்கள். ஒட்டுப்படம் அதற்குள்ளே மறைந்துபோயிற்று. பழைய சில்லுகள் இரண்டையும் நானே பழைய இரும்பு வாங்குபவரிடம் நிறுத்துக் கொடுத்தேன். புதிய சில்லுகளும் கூலியுமாக எனக்கு 41,000 ரூபாய் செலவாயிற்று. கடந்த ஆண்டு வீட்டுத் தேவைக்காக விற்க முயன்றபோது, மூன்று மாதங்களின் பின் 28,000 ரூபாய்க்கே போயிற்று. சைக்கிளே இலவசம் என்று வைத்துக்கொண்டாலும் கைநட்டம் 13,000 ரூபாய்.

ஏன் இப்படி நடந்தது என்பதை வந்து பார்த்தவர்களின் பேச்சிலிருந்தே விளங்கிக்கொண்டேன். எமது ஊரிற் சைக்கிள் வாங்குபவர்களிற் பெரும்பாலானோர் வேலைக்கோ தோட்டத்துக்கோ பிள்ளையை ரியூசனுக்கு ஏற்றிச் செல்லவோ வாங்குபவர்கள். அவர்களுக்குக் கரியர் வேண்டும், மட்காட் வேண்டும், இறக்கத்திற் கால் ஓய வேண்டும்; பெடல் நிற்காத சைக்கிளை இலவசமாகக் கொடுத்தாலும் அவர்கள் யோசிப்பார்கள். பழைய பொருளின் அருமை தெரிந்து நல்ல விலை கொடுப்பவர்கள் வேறு. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் என் சைக்கிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வெட்டிய காதின் மேல் விரலை வைத்தார், "இது முழுசாய் இருந்திருந்தால் கேட்ட காசைத் தந்திருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த வகையினர் தேடுவது அசல் வர்ணம், அசல் ஒட்டுப்படம், அசல் கியர். எஞ்சுவோர் பிக்சட் கியரை விரும்பும் இளைஞர்கள். அவர்கள் தொகையிற் சிலர். கையிற் காசு குறைவு. அதற்கும் மேலாக, தாமே தேடித் தேடிப் பொருத்துவதில் மகிழ்பவர்கள். இன்னொருவர் தெரிவுசெய்த வர்ணத்துக்கும் ஹாண்டிலுக்கும் அவர்கள் ஏன் காசு கொடுக்கப்போகிறார்கள்? மாற்றத்துக்குச் செலவழித்த பணம் அடுத்தவர் கண்ணிற் பெறுமதியாகத் தெரிவதில்லை என்பதை விற்க வெளிக்கிட்ட பின்னரே உணர்ந்தேன்.

விலையைவிடப் பாரதூரமான ஒன்றையும் சொல்லவேண்டும். முதலில் எனக்குப் பூட்டித்தந்த பின்சில்லு, சாதாரண பிறீவீல் ஹப். அதன் புரியும் பிக்சட் பற்சில்லின் புரியும் ஒன்றே என்பதால் பல் அதில் ஏறி இறுகிவிடும். ஆனாற் பூட்டு வளையத்துக்கு அங்கே இடம் இல்லை. உரிய பிக்சட் ஹப்பில் இரண்டாவதாக ஒரு புரி எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கும். பெடலைப் பின்னோக்கி அழுத்தும்போது பற்சில்லு கழல முயன்றால் வளையம் மேலும் இறுகி அதைத் தடுக்கும். அது இல்லாத சைக்கிளில் நான் கோண்டாவில் புகையிரதக் கடவையை நெருங்கும்போது தடுப்பு இறங்கியது. வேகத்தைக் குறைக்கக் காலால் எதிர்த்தேன். பல் கழன்று, பெடல் வெறுமனே பின்னோக்கிச் சுற்றியது. முன்பிறேக்கைக் கழற்ற வேண்டாம் என்று மனைவி பிடிவாதமாக நின்றிருந்தபடியாற்றான் இக்கடிதத்தை எழுத முடிகிறது. பசை போட்டு ஒட்டுவதும், பிறீவீலையே வெல்டிங் பண்ணி இறுக்குவதும் நம்பத்தகுந்த வேலையல்ல. பிறேக் இல்லாத ஓட்டம், எல்லோரும் ஒரே திசையிற் சுற்றும் போட்டித் தடத்துக்கு உரியது. மாடும் முச்சக்கரவண்டியும் குறுக்கிடும் கஸ்தூரியார் வீதிக்கு உரியதன்று. பிரித்தானியாவிலும் 1983 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளின்படி பிக்சட் கியர்ச் சைக்கிளுக்கு முன்பிறேக் கட்டாயம்.

வெட்டாமல் மாற்ற முடியாதா என்றால், முடியும்; எனது சைக்கிளில் அது மிக எளிதாகவே முடிந்திருக்கும். பின்சில்லின் அச்சு நுழையும் வெட்டு கிடையாக நீண்டிருந்தால், சில்லை முன்பின் நகர்த்திச் செயினை இறுக்கலாம். பழைய றேசிங் சைக்கிள்களிற் பெரும்பாலானவை அவ்வாறானவை. ஐந்து பல்லுச் சைக்கிளின் பின் கவைகளுக்கு இடையே பொதுவாக 120 மில்லிமீற்றர் இருக்கும், பிக்சட் ஹப்பின் அகலமும் அதுவே. முன்னே வெளியிலுள்ள 52 பல்லைக் கழற்றிவிட்டு உள்ளே இருக்கும் 42 ஐ மட்டும் குட்டையான சுரையாணிகளால் இறுக்கினால், செயின் நேர்கோட்டில் ஓடும். பின்னே 16 பல் வைத்தால் பெடல் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற ஏறக்குறைய ஐந்தரை மீற்றர் போகலாம். எமது வீதிகளுக்கும் காற்றுக்கும் அது அளவானது. சில்லைச் சறுக்கி நிறுத்திப் பழகும் இளைஞர்கள் 42 க்கு 14 வைக்காமல் இருப்பது நல்லது. ஒவ்வொரு முறையும் ரயரின் ஒரே இடமே நிலத்தில் உரசித் தேயும், 17 வைத்தால் அத்தேய்வு பதினேழு இடங்களுக்குப் பிரிந்துவிடும். 27 அங்குலச் சில்லுக்குப் பதிலாக 700 சி எனப்படும் சற்றுச் சிறிய சில்லைப் பூட்டும்போது பிறேக் கட்டைகளை 4 மில்லிமீற்றர் கீழே இறக்கினாற் போதும். ஒரு பக்கம் பிக்சட் பல்லும் மறுபக்கம் பிறீவீலும் பூட்டக்கூடிய ஹப் வாங்குவது எல்லாவற்றிலும் நல்லது. வாங்க வருபவர் சில்லைக் கழற்றித் திருப்பிப் பூட்டினால் அது சாதாரண சைக்கிள் ஆகிவிடும். இவ்வளவுக்கும் பிறேமில் எதையும் வெட்டத் தேவையில்லை, வர்ணத்தைத் தொடத் தேவையில்லை. கழற்றியவற்றை ஒரு பெட்டியிற் போட்டுவைத்து, விற்கும்போது சைக்கிளுடன் சேர்த்துக் கொடுத்தால், அந்தப் பெட்டிக்கென்றே தனி விலை உண்டு.

கியர் எல்லாம் முன்பே தொலைந்து, வர்ணமும் உரிந்து, வெறும் பிறேமாகக் கிடப்பதை இவ்வாறு ஓடவைப்பவர்களை நான் பாராட்டுகிறேன். அங்கே இழப்பதற்கு ஒன்றும் இல்லை, ஓடாத ஒன்று வீதிக்கு வருகிறது. முழுமையாக இருப்பதைக் கொண்டுவருபவரிடம் கிறைண்டரை எடுப்பதற்கு முன் ஒருமுறை விளக்கிச் சொல்லுமாறு சைக்கிள் திருத்துநர்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். விளம்பரம் கொடுப்பவர்களும் எது வெட்டப்பட்டது, பழைய பாகங்கள் உண்டா, பின் ஹப் எந்த வகை என்பவற்றைக் குறிப்பிட வேண்டும். அவ்வாறு குறிப்பிடுமாறு தங்கள் விளம்பரப் பகுதியினர் கேட்பார்களாயின் வாங்குபவர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். கறுப்பு ஸ்பிறே அடித்த, பின் கவையின் வலப்பக்கக் காது வெட்டப்பட்ட அந்த றலியை இப்போது வைத்திருப்பவர் இதை வாசிக்கக்கூடும். அதன் புறூக்ஸ் இருக்கையும், கியர் மாற்றும் கருவிகள் இரண்டும், நெம்புகளும், 52 பல்லும் இன்னும் என்னிடம் ஒரு பிஸ்கற் பேணியிலும் சாக்கிலுமாக இருக்கின்றன. வெட்டிய காதுக்குப் பதிலாக அச்சோடு சேர்த்து இறுக்கும் தனிக் காதுத் தகடு இருப்பதாகவும், நெம்புகளைக் குழாயைச் சுற்றிப் பட்டியாற் பூட்டலாம் எனவும் பின்னர் அறிந்தேன். அவர் விரும்பினால் இவை அனைத்தையும் காசு எதுவும் வாங்காமற் கொடுக்கிறேன். தங்கள் அலுவலகத்தில் என் முகவரி உண்டு.

இங்ஙனம்,
கோண்டாவில் வாசகர் ஒருவர்