500 பீஸ் வெட்டுவதற்கு முன்: தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புத் தங்கைக்கு,

நீ போனில் சொன்னதிலிருந்து மனசு அதிலேயே இருக்கிறது. ஒரே டிசைனில் 500 பீஸ் வெட்டினால்தான் தையல் கூலி குறையும் என்று யூனிட்காரர் சொல்கிறார், வெள்ளிக்கிழமைக்குள் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும் என்றாய். "நல்லா யோசிச்சுக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அக்கா என்று இருந்துகொண்டு அவ்வளவு சொன்னால் போதாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன்னைப் போலவே முதல் ஆர்டர் கொடுக்கப் போகிற பெண்கள் இன்னும் பலர் இருப்பார்கள், அவர்களும் படிக்கட்டும் என்று இங்கே பொதுவில் போடுகிறேன். உன் பெயரைப் போடவில்லை, பயப்படாதே.

ஜாரா துணிக்கடைகளைத் தொடங்கிய அமான்சியோ ஒர்தேகாவைப் பற்றி நீதான் எனக்கு ஒரு முறை வீடியோ அனுப்பினாய். ரயில்வே தொழிலாளியின் மகன், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர், உலகப் பெரும் பணக்காரர்களில் ஒருவரானவர். அந்த வீடியோ முழுக்க அவருடைய துணிச்சலைப் பற்றித்தான் பேச்சு. துணிச்சல் இருந்திருக்கும், இல்லாமல் இவ்வளவு தூரம் வர முடியாது. ஆனால் அவர் வாழ்க்கையைத் திரும்பத் திரும்பப் படித்ததில் எனக்கு வேறொன்றுதான் பெரிதாகப் படுகிறது. துணி வெட்டுகிற மேஜைக்கும் அதைப் போட்டுப் பார்க்கிறவருக்கும் நடுவே இருக்கிற தூரத்தை அந்த மனிதர் ஆயுள் முழுக்கக் குறைத்துக்கொண்டே வந்தார்.

1936-இல் ஸ்பெயினில் பிறந்தவர். அப்பாவின் வேலை காரணமாகக் குடும்பம் வடமேற்கு ஓரத்தில் கலிசியாவில் உள்ள லா கொருன்யா என்ற கடலோர ஊருக்கு வந்தது. ஒரு நாள் அம்மாவோடு மளிகைக் கடைக்குப் போயிருக்கிறார். இனிமேல் கடனுக்குப் பொருள் தர முடியாது என்று கடைக்காரர் அம்மாவிடம் சொன்னது பையன் காதில் விழுந்தது. அதோடு படிப்பு முடிந்தது. 14 வயதை ஒட்டி ஒரு சட்டைக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தார். தைத்த சட்டைகளைப் பெட்டியில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. இதை நீ கொஞ்சம் நினைத்துப் பார். பெட்டியைத் திறக்கும்போது வாங்கியவரின் முகம் எப்படி மாறுகிறது, எந்தத் துணியைத் தொட்டுப் பார்க்கிறார், எந்தக் காலரைப் பார்த்து முகம் சுளிக்கிறார் என்று பார்க்கிற இடத்தில் அந்தப் பையன் நின்றிருக்கிறான். முதலாளிக்குக்கூடக் கிடைக்காத இடம் அது.

அடுத்து வேலை பார்த்த துணிக்கடையில்தான், பின்னால் தன் மனைவியான ரொசாலியா மேராவைச் சந்தித்தார். 11 வயதிலேயே பள்ளியை விட்டு அந்தக் கடைக்கு வேலைக்கு வந்த பெண். 1963-இல் ஒரு சின்னத் தையல்கூடம் தொடங்கினார்கள். ஒர்தேகாவின் அண்ணன், அண்ணி, ரொசாலியா எல்லோரும் சேர்ந்து உழைத்த இடம். பெயர் கோவா, ஒர்தேகாவின் ஸ்பானிய இனிஷியல்களைப் பின்னாலிருந்து படித்தால் வரும் பெயர். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த ஹவுஸ்கோட், பெண்கள் வீட்டில் போட்டுக்கொள்வது, அதுதான் முதல் சரக்கு. கடைகளில் பணக்காரப் பெண்கள் மட்டும் வாங்கிக்கொண்டிருந்ததை, சாதாரணக் குடும்பப் பெண்ணும் வாங்கும் விலைக்குத் தைத்தார்கள்.

'தானே உழைத்து முன்னேறியவர்' என்று ஒருவரைச் சொல்லும்போது பக்கத்தில் குனிந்து தைத்துக்கொண்டிருந்தவர்கள் மறைந்துபோகிறார்கள். ரொசாலியா 2013-இல் இறந்தபோது, சொந்த உழைப்பில் சம்பாதித்த பெண்களில் உலகிலேயே பெரும் பணக்காரர் என்று எழுதினார்கள். அதற்கு வெகு முன்பே, 1986-இல், மாற்றுத்திறனாளிகளுக்காக ஓர் அறக்கட்டளை தொடங்கியிருந்தார், தன் மகனே பிறவியில் மூளை முடக்குவாதத்தோடு பிறந்தவன் என்பதால். அந்த வீடியோவில் இந்தப் பெண்ணின் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பன்னிரண்டு வருடம் மற்றவர்களுக்குத் தைத்துக் கொடுத்தார்கள். 1975-இல் ஒரு ஜெர்மன் வியாபாரி பெரிய ஆர்டரைக் கேன்சல் செய்துவிட்டார், தேங்கிய சரக்கை விற்கவே முதல் கடையைத் திறந்தார்கள் என்று ஒரு கதை இந்தத் தொழிலில் பரவலாக உண்டு. எப்படியோ, அந்த வருடம் லா கொருன்யாவில் முதல் ஜாரா திறந்தது. 14 வயதில் பெட்டி சுமந்த பையனுக்கு அப்போது 39 வயது. நீ மூன்று மாதத்தில் ஒன்றும் நடக்கவில்லையே என்று அழுதாயே, அதற்காகத்தான் இந்தக் கணக்கைச் சொல்கிறேன்.

கடை கையில் வந்த பிறகு அவர் செய்ததுதான் நீ படிக்க வேண்டியது. பெரிய ஆர்டர் கொடுத்து ஆறு மாதம் காத்திருக்கிற வழக்கத்தை விட்டார். கொஞ்சமாக வெட்டிக் கடைக்கு அனுப்புவது, எது ஓடுகிறது, எதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டிவிட்டுப் போகிறார்கள் என்று கடைப் பொறுப்பாளரிடம் கேட்பது, ஓடுவதை உடனே மறுபடி தைப்பது. கடைகளுக்கு வாரம் இரண்டு முறை சரக்குப் போகும். துணியில் ஒரு பகுதியைச் சாயம் போடாமலே வைத்திருப்பார்கள், எந்த நிறத்தைக் கேட்கிறார்களோ அந்த நிறம் போட்டுக்கொள்ளலாம் என்று. அவசரமாக மாற வேண்டிய உருப்படிகளை ஸ்பெயின், போர்ச்சுகல் என்று பக்கத்திலேயே தைத்தார்கள். தூரத்தில் தைத்தால் கூலி குறைவு என்பது அவருக்குத் தெரியாததா? கூலியில் மிச்சம் பிடிப்பதைவிட, விற்காத துணியில் போகிற பணம்தான் பெரிது என்று கணக்குப் போட்டிருக்கிறார். உன் யூனிட்காரர் சொல்லாமல் விட்ட பாதி இதுதான்.

நான் இதை எப்படி இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்று கேட்பாய். உனக்கு நான் முழுசாகச் சொன்னதில்லை. நீ அப்போது சின்னப் பெண்.

நானும் 600 டாப்ஸ் வெட்டினேன். வெளிர் நீலம், ஒரே டிசைன், நான்கு சைஸ். சாம்பிளை நானே போட்டுப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று மார்க்கர் (துணி மேல் வெட்டுவதற்கான வரைபடம்) போடச் சொல்லிவிட்டேன். சரக்கு வந்து, முதல் பத்துப் பேர் போட்டுப் பார்த்தார்கள். பத்தில் ஏழு பேர் கண்ணாடி முன்னால் நின்று ஒரே காரியம் செய்தார்கள். வலது கையால் இடது தோளை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். மறுபடி இழுத்தார்கள். கழுத்து அகலம் இரண்டு விரல் கூடிவிட்டது, உள்ளாடைப் பட்டை தெரிகிறது. ஒருத்தரும் வாய் திறந்து சொல்லவில்லை. "கலர் நல்லா இருக்கு, அப்புறம் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பேட்டர்னில் அந்த இரண்டு விரலைக் குறைக்கக் கட்டிங் மாஸ்டருக்குப் பத்து நிமிஷம் போதும். ஆனால் திருத்துவதற்கு வெட்டாத துணி என்று ஒரு மீட்டர்கூட மிச்சம் இல்லை. 600-ம் வெட்டி, தைத்து, காஜா எடுத்து, பட்டன் வைத்து, மடித்து, கவரில் போட்டு வந்துவிட்டது.

140 விற்றது. மீதி இரண்டு வருடம் அட்டைப் பெட்டியில் கிடந்தது. கடைசியில் பெட்டியைப் பிரித்தபோது மடிப்பு விழுந்த இடத்திலெல்லாம் மஞ்சள் கோடு. கையில் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தே இருந்தேன். அந்த வாரம்தான் உனக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட முடியாமல் அப்பாவிடம் பொய் சொன்னேன். இன்றைக்கு உன்னிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

ஒர்தேகாவிடம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அவர் வேகத்தைப் பார்த்து உலகமே வாராவாரம் புதுத் துணி வாங்கப் பழகிவிட்டது. சில தடவை போட்டுவிட்டுத் தூக்கிப் போடுகிறார்கள். அந்தத் துணிக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு சாயம் போயிருக்கும். மற்றவர்கள் டிசைனைப் பார்த்துச் செய்கிறார்கள் என்ற குற்றச்சாட்டும் அவர் கம்பெனி மேல் நெடுநாளாக உண்டு. ஆரம்ப காலத்தில் கலிசியாவின் கிராமங்களில் எத்தனையோ பெண்கள் அவருக்காகத் தைத்தார்கள். வேலை மொராக்கோ, துருக்கி என்று நகர்ந்தபோது கலிசியாவில் பல தையல்கூடங்கள் மூடப்பட்டன. உனக்குத் தைக்கப் போகிற பெண்களுக்குக் கூலியைப் பீஸ் விற்ற பிறகு தருகிறேன் என்று என்றைக்கும் சொல்லிவிடாதே. தைத்த வாரமே கொடு.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கம்பெனி அவ்வளவு பெரிதான பிறகும் அவருக்கென்று தனி அறை கிடையாது, டிசைனர்கள் நடுவில்தான் உட்கார்ந்திருப்பார் என்று அங்கே வேலை பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1999 வரை அவருடைய புகைப்படத்தையே கம்பெனி வெளியிட்டதில்லை. நீ லோகோவுக்கும் போட்டோ ஷூட்டுக்கும் ஒதுக்கி வைத்திருக்கிற பணத்தை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன். அந்தப் பணத்தில் நல்ல கட்டிங் மாஸ்டரோடு இன்னும் இரண்டு நாள் உட்காரலாம்.

ஆகவே வெள்ளிக்கிழமை யூனிட்காரரிடம் போய் 40 பீஸ் மட்டும் தைத்துத் தரச் சொல். கூலி கூடக் கேட்பார், கொடு. மீதித் துணியை வெட்டாமல் ரோலாகவே வைத்திரு. பிறகு நீயே பையைத் தூக்கிக்கொண்டு போ, உன் வயசுக்காரர்களிடம் மட்டும் இல்லை, அம்மா வயசுப் பெண்களிடமும். போட்டுப் பார்க்கும்போது வாயைப் பார்க்காதே, கையைப் பார். தோளை இழுக்கிறாளா, இடுப்பில் துணியைப் பிடித்துப் பார்க்கிறாளா, பாக்கெட்டைத் தேடுகிறாளா என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்.

வாங்கினவர்கள் கணக்கை அப்புறம் சொல். வாங்காமல் மடித்துத் திருப்பிக் கொடுத்த முதல் பெண்ணின் கை எங்கே போனது என்று அன்று ராத்திரியே எனக்குப் போன் பண்ணிச் சொல். எத்தனை மணி ஆனாலும் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அக்கா