ஆவுளியாவைப் புதைக்கும் முன் ஒரு பல்லை எடுத்து வையுங்கள்

கடலோர உயிரினங்களைக் காக்கும் பொறுப்பில் உள்ள அலுவலர்களுக்கு,

வணக்கம். தொண்டிக்குத் தெற்கே எங்கள் கரையில் போன மாதம் செத்து ஒதுங்கிய ஆவுளியாவை, அதாவது கடற்பசுவை, நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பத்தடி நீளம், பெட்டை. காலையில் தகவல் சொன்னோம், மதியம் வந்தீர்கள். டாக்டர் அறுத்துப் பார்த்தார், அளவு எழுதினார்கள், படம் எடுத்தார்கள். ஜேசிபி குழி தோண்டியது, சுண்ணாம்பு போட்டு மூடினீர்கள். எல்லாம் முறைப்படிதான்.

குழிக்குள் தள்ளும் முன் நான் கேட்டது ஒன்றே ஒன்று. ஒரு தந்தப் பல்லும், விலா எலும்பில் விரல் நீளத் துண்டும் எடுத்து வையுங்கள் என்றேன். "பெட்டைக்கு ஏது சார் தந்தம்?" என்றார் உங்கள் ஆள் ஒருவர். உண்டு, பெரும்பாலும் தாடைக்குள்ளேயே இருக்கும், வெளியே தெரியாது. முப்பது வருடம் பள்ளியில் உயிரியல் நடத்தியவன் என்று சொல்லிப் பார்த்தேன். "மனு கொடுங்க" என்றார்கள். கொடுத்தேன். அது மேசை மேசையாகப் போய், மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: "சடலம் ஏற்கெனவே அப்புறப்படுத்தப்பட்டுவிட்டது." தெரியும் ஐயா. மண் தள்ளும்போது பக்கத்தில் நின்றவன் நான்தான்.

அந்தப் பல்லில் மரத்தின் வளையம் போல ஆண்டுக்கு ஒரு அடுக்கு இருக்கும். ஆவுளியா எழுபது வயதுவரைகூட வாழும். அடுக்குக்கு அடுக்கு, அந்தந்த ஆண்டு தின்றதன் கார்பனும் நைட்ரஜனும் பதிந்திருக்கும். ஆவுளியா தின்னும் கடற்புல்லில் கார்பன் 13 என்ற சற்றே கனமான கார்பன் வகை, மிதக்கும் நுண்பாசியில் இருப்பதைவிடக் கூடுதல். நைட்ரஜன் 15 என்ற கனமான நைட்ரஜன் வகை உணவுச் சங்கிலியில் படிக்குப் படி ஆயிரத்துக்கு 3, 4 பங்கு ஏறும்; கடலில் கழிவுநீர் கலந்தாலும் மாறும். பாக் விரிகுடாவில் கடலடியை வாரும் இழுவைமடி வலை பெருகுவதற்கு முன் கடல் எப்படி இருந்தது என்று அந்தப் பல்லிடம் ஓரளவாவது கேட்டிருக்கலாம்.

இது என் கற்பனை இல்லை. அண்டார்க்டிகாவில் ராஸ் கடலோரம் யானைச் சீல்களின் தோலும் முடியும் எலும்பும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கிடக்கின்றன. இன்று அவை அங்கே குட்டி போடுவதில்லை. மிக அருகில் அவை குட்டி போடும் இடமே சுமார் 2,500 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மக்குவாரி தீவுதான். காலம் போகப் போகச் சிதைந்து குறையும் கார்பன் 14 வைத்து அந்த எச்சங்களின் வயதைக் கணித்தார்கள். கார்பன் 13, நைட்ரஜன் 15 வைத்து அவை எதைத் தின்றன என்று பார்த்தார்கள். ஏறத்தாழ 1,000 ஆண்டுகளுக்கு முன்புவரை அந்தக் கரையில் கடல்பனி குறைவாக இருந்தது, பனி பெருகியதும் சீல்கள் இடத்தைக் காலி செய்தன என்று இப்போது சொல்கிறார்கள். ஆளே இல்லாத கரையின் பழங்கதை எலும்பிலிருந்து வந்துவிட்டது.

அங்கே குளிர். எலும்பு காத்திருக்கும். இங்கே வெயிலும் உப்பும் ஈரமும். எலும்பிலுள்ள கொலாஜன் என்ற புரதம் வெகுநாள் தாங்காது.

நீங்களே எடுத்து வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் அது. ஒரு துண்டு என் வீட்டில் இருந்தால் எனக்கு ஜெயில். சட்டப்படி எடுக்கக்கூடியவர்கள் நீங்கள், எடுக்காதவர்களும் நீங்கள்தான்.

தகவல் சொன்ன தம்பியை அன்று சாயங்காலம்வரை உட்காரவைத்து விசாரித்தீர்கள். ஆவுளியா அவன் வலையில் சிக்கவில்லை என்று டாக்டரே சொன்ன பிறகும். ஒரு நாள் தொழில் போச்சு. அடுத்த முறை கடலில் எதைப் பார்த்தாலும் அவன் வாயைத் திறக்கப்போவதில்லை. ஆனால் மே 28 வந்தால் ஆவுளியா தினம், பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி, தொப்பி, பேரணி. என் பேத்திகூடப் பரிசு வாங்கினாள். படத்தில் ஆவுளியா சிரிக்கிறது.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்கவும்.

கேட்பது இதுதான். இனி எது ஒதுங்கினாலும், புதைக்கும் முன் ஒரு பல், ஒரு விலாத் துண்டு எடுத்து, தேதியும் இடமும் எழுதிய உறையில் போட்டு, உங்கள் அலுவலகத்திலேயே குளிர்பெட்டியில் வையுங்கள். ஆராய்ச்சிக்கு யார் முறைப்படி கேட்கிறார்களோ அவர்களுக்குக் கொடுங்கள். ரம்பம் இல்லையென்றால் எங்கள் ஊர் ஆசாரியிடம் வாங்கித் தருகிறேன்.

போன மாதக் குழி எங்கே என்று உங்கள் கோப்பில் இல்லையாம். ஒற்றைப் பனைக்குத் தெற்கே பதினெட்டுத் தப்படி. ஐப்பசி மழைக்கு முன்னால் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்