அரங்குவீட்டைப் பார்த்துவிட்டு ஏசி வாங்குங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். திருநெல்வேலியில் காயிதே மில்லத் பெயரில் பெரிய நூலகம் வரும் என்று 2025இல் அரசு அறிவித்ததிலிருந்து எங்கள் பாளையங்கோட்டை டீக்கடையில் அதுதான் பேச்சு. எத்தனை மாடி, எத்தனை லட்சம் புத்தகம் என்று ஆளுக்கொரு கணக்கு. போன வாரம் ஒரு நண்பர், "பூரா கட்டடமும் ஏசியாம்லா!" என்றார் பெருமையாக. டீக்கடைச் செய்திதான், நம்பவேண்டியதில்லை. ஆனாலும் நூலகத்திலும் ஆவண அறையிலும் முப்பது வருடம் தூசி தின்றவனுக்கு அந்தப் பெருமையைக் கேட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

நான் கடைசியாக வேலை பார்த்த இடத்தின் பெயர் வேண்டாம். அங்கே பழைய பதிவேடுகள் இருந்த அறைக்கு இரண்டு ஏசி வாங்கினார்கள். காலை பத்து மணிக்குப் போடுவோம். சாயந்திரம் அணைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போவோம். சனி, ஞாயிறு, பொங்கல், தீபாவளி எல்லாம் ஏசிக்கும் லீவு. இரண்டாவது வருடம் ஐப்பசி மழையில் பார்த்தால், கீழ்த்தட்டுப் பதிவேடுகளின் தோல் அட்டையில் பச்சைப் பச்சையாகப் பூஞ்சை. ஏசி இல்லாத பக்கத்து அறையில் கிடந்த கட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. காரணம் பெரிய விஞ்ஞானம் இல்லை. பகலெல்லாம் குளிர்ந்து கிடந்த சுவரும் தகர பீரோவும், ஏசி நின்றதும் வெளியிலிருந்து வரும் ஈரக்காற்றைச் சந்திக்கின்றன. ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பு வியர்ப்பதுபோல பீரோ வியர்க்கிறது. ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் போய் அப்படியே நின்றால் பூஞ்சைக்கு அதுவே போதும். அரைகுறை ஏசிக்கு ஏசியே இல்லாமல் இருப்பது மேல் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

சரி, இருபத்துநாலு மணி நேரமும் ஓட்டினால்? ஒன்றரை டன் ஏசி ஒன்று நாள் முழுக்க ஓடினால் 20 யூனிட்டுக்குக் குறையாது. மொட்டைமாடியில் ஒரு கிலோவாட் சோலார் பலகை வைத்தால் நம் வெயிலுக்கு ஒரு நாளைக்கு 4 யூனிட் போலக் கிடைக்கும். அதற்கு 100 சதுர அடி இடம் வேண்டும். அப்படியானால் ஒரே ஒரு ஏசிக்காக 500 சதுர அடி மாடி போய்விடும். நம் பக்கம்தான் காற்றாலை நிறைய இருக்கிறதே, சுத்தமான கரண்டுதானே என்பார்கள். கயத்தாறிலும் ராதாபுரத்திலும் காற்றாடி வேகமாகச் சுற்றுவது வைகாசியிலிருந்து புரட்டாசி வரைக்கும். பூஞ்சை பிடிப்பதோ ஐப்பசி, கார்த்திகையில். சோலார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மின்விசிறிக்கும் விளக்கிற்கும் கம்ப்யூட்டருக்கும் தாராளமாக வையுங்கள். கட்டடத்தைத் தப்பாகக் கட்டிவிட்டு அதன் சூட்டை ஆற்றுவதற்குச் சூரியனையே கூப்பிடாதீர்கள் என்கிறேன்.

இனி அரங்குவீட்டுக்கு வருகிறேன். நெல்லைச் சீமையின் பழைய வீடுகளில் தார்சா (முன் தாழ்வாரம்), பட்டாசல் (கூடம்) எல்லாம் தாண்டி நடுவில் ஓர் இருட்டறை இருக்கும். அதுதான் அரங்குவீடு, சுருக்கமாக அரங்கு. அதன் சுவர் எதுவும் நேராக வெயிலைப் பார்க்காது. சுற்றிலும் வேறு அறைகள், மேலே மச்சு, அதற்கும் மேலே மட்டப்பா என்கிற மொட்டைமாடி. சுண்ணாம்புக் காரை பூசிய கனத்த சுவர். நகை, பத்திரம், சாதகம், ஏட்டுக்கட்டு எல்லாம் அங்கே மரப்பெட்டிக்குள் இருக்கும். எங்கள் வீட்டு அரங்கில் ஒரு வருடம் முழுக்க வெப்பமானியும் ஈரமானியும் வைத்துப் பார்த்தேன். வெளியே வெயில் நாற்பதைத் தொடும் மே மாத மதியத்திலும் உள்ளே முள் சோம்பேறியாகத்தான் நகரும். இன்றைக்கு வெளிநாடுகளில் ஆவணக் காப்பகம் கட்டுகிறவர்கள் அறைக்குள் அறை, கனத்த சுவர், குறைந்த இயந்திரம் என்று பேசுவதும் இதைத்தான். 2014இல், அருங்காட்சியகப் பொருள்களையும் ஆவணங்களையும் கெடாமல் காக்கும் வல்லுநர்களின் உலக அமைப்புகளே பழைய கெடுபிடியைத் தளர்த்திவிட்டன. எப்போதும் ஒரே டிகிரி, ஒரே ஈரம் என்று இழுத்துப் பிடிக்க வேண்டியதில்லை. பெரும்பாலான பொருள்களுக்கு 16 முதல் 25 டிகிரியும் 40 முதல் 60 சதவீத ஈரமும் போதும், அந்தந்த ஊரின் தட்பவெப்பத்தையும் கணக்கில் எடுங்கள் என்றார்கள். மே மாதத்தில் 25 டிகிரி என்பது நம் அரங்குக்கும் எட்டாது, அது உண்மை. ஆனால் அரங்கு போன்ற அறையைக் கொஞ்சம் குளிரவைப்பதற்கும், கண்ணாடிக் கட்டடத்தைக் குளிரவைப்பதற்கும் கரண்டு பில்லில் பெரிய வித்தியாசம் உண்டு.

புகைப்பட நெகட்டிவ், மைக்ரோஃபிலிம், ஒலிநாடா இவற்றுக்கு நிஜமாகவே குளிர் வேண்டும். பழைய அசிடேட் ஃபிலிம் சூட்டில் புளித்து வினிகர் வாடை அடிக்கும். அப்புறம் காப்பாற்றுவது கஷ்டம். அதற்கு ஒரு சின்ன அறை, நிறுத்தாமல் ஓடும் ஒரு நல்ல இயந்திரம் போதும். நாலு மாடிக்குத் தேவையில்லை.

உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டு ஏடு தேடித் திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்தார். கவிராயர் வீடுகளில் ஏடு இருந்தது. 1889இல் பத்துப்பாட்டு அச்சேறியது. அந்த ஏடுகளை அத்தனை காலம் வைத்திருந்தவர்களுக்குக் கரண்டு என்றால் என்ன என்றே தெரியாது. எலுமிச்சம்புல் தைலம் தடவினார்கள், துணியில் வசம்பும் வேப்பிலையும் முடிந்து வைத்தார்கள், அவ்வப்போது எடுத்துப் பிரித்துப் பார்த்தார்கள். கடைசியில் சொன்னதுதான் முக்கியம். (ஆடிப்பெருக்கில் ஏட்டை ஆற்றில் விட்டவர்களும் நம்மவர்கள்தான். பழம்பெருமையை முழுசாகவும் பேச முடியாது.) சரஸ்வதி பூசைக்கு அலமாரியைத் துடைக்கிறோமே, அது ஐப்பசி மழைக்குச் சற்று முன்னால் வருவதைக் கவனித்திருக்கிறீர்களா? அதேபோல மழை ஓய்ந்தபின் மாசியில் இன்னொரு தரம் கட்டுகளை நிழலில் பிரித்துக் காற்றாட வைக்கலாம். அதற்கு ஆள் வேண்டும், நூலகத்தில் காலிப் பணியிடத்தை நிரப்ப வேண்டும். ஏசி வாங்குவது அதைவிட எளிது என்பதால்தான் எல்லோரும் ஏசி வாங்குகிறார்கள் என்பது என் சந்தேகம்.

பாச்சை உருண்டையை நான் கூடைகூடையாகப் போட்டிருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். அதில் இருக்கும் நாப்தலீனைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் உலக அளவில் வைத்திருக்கிறார்கள். பூட்டிய அறைக்குள் அதை நாள் முழுக்க முகர்ந்தது பூச்சியைவிட நாங்கள்தான். பத்திரத்தை லேமினேட் செய்வதையும் பாலிதீன் பைக்குள் போடுவதையும் நிறுத்த வேண்டும். லேமினேட் செய்த தாளைத் திரும்பப் பிரிக்க முடியாது. பாலிதீனுக்குள் ஈரம் போனால் வெளியே வராது. வீரவநல்லூரில் தறி இருக்கிறது, வெளுக்காத பருத்தித் துணி வாங்கிக் கட்டலாம். அமிலமில்லாத அட்டைப்பெட்டிக்கும் வெளிநாட்டைப் பார்க்காமல் முதலில் சிவகாசியில் கேட்கலாம்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தண்ணீர்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இங்கே யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருநெல்வேலியில் ஜங்ஷன், மீனாட்சிபுரம், சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டையெல்லாம் தாமிரபரணி உள்ளே வந்து உட்கார்ந்தது. தண்ணீர் வடிந்த மறுநாள் தெரிந்தவர் ஒருவருடைய ஆபீசுக்கு உதவிக்குப் போனேன். தரைத்தளத்தில் இருந்த கட்டுகளெல்லாம் இட்லிமாவு மாதிரி ஊறிக் கிடந்தன. அவசரத்தில் அவற்றை மொட்டைமாடி வெயிலில் பரப்பினார்கள். ஓரம் சுருண்டது, மை பரவியது. வழவழப்பான தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகிவிட்டன. நனைந்த காகிதத்தில் இரண்டு நாளில் பூஞ்சை கிளம்பிவிடும். அதற்குள் உலர்த்த முடியாவிட்டால் செய்யவேண்டியது உறைய வைப்பது. மைனஸ் 20 டிகிரியில் வைத்துவிட்டால் பூஞ்சை வளராது. பிறகு நிதானமாக ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்திக்கொள்ளலாம். தூத்துக்குடியில் மீனும் இறாலும் உறைய வைக்கும் கிடங்குகள் இருக்கின்றன. புது நூலகம் அவர்களோடு முன்கூட்டியே ஓர் ஒப்பந்தம் போட்டு வைத்தால், என்றைக்கோ ஒரு நாளுக்காகச் சொந்தமாக ஒரு குளிர்கிடங்கு கட்டி வருடம் முழுக்கக் கரண்டு கொட்டவேண்டாம். அந்த வெள்ளத்தில் தூத்துக்குடி ரோடே துண்டித்துப் போனது, ஆகவே தெற்கே நாகர்கோவில் பக்கமும் ஓர் ஏற்பாடு வேண்டும். கொஞ்சம் கட்டுகள்தான் என்றால் ஐஸ்கிரீம் கடை ஃப்ரீசரே போதும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது 2023 தண்ணீர்க் குறியைச் சுவரில் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். ஆவணங்களைக் கீழ்த்தளத்திலும் வைக்காதீர்கள், வெயில் கொதிக்கும் உச்சி மாடியிலும் வைக்காதீர்கள். நடுமாடியில், கட்டடத்தின் நடுவில் வையுங்கள். வாசிக்கிறவர்களுக்கு வடக்கு ஜன்னல் வெளிச்சம், அலமாரிக்கு இருட்டு. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகம் பசுமைக் கட்டடத்துக்கான லீட் தங்கச் சான்று வாங்கியது என்று நமக்கெல்லாம் பெருமை உண்டு. நம்முடையது சான்று வாங்காவிட்டாலும் பரவாயில்லை, மாதாமாதம் கரண்டு பில்லையும் ஈரமானிக் கணக்கையும் வாசலில் ஒட்டட்டும். வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரி கட்டுகிறவர்கள் படித்துக்கொள்வார்கள்.

வரைபடம் போடும் பொறியாளர்கள் யாராவது தங்கள் பத்திரிகையில் இதைப் படித்தால், பாளையங்கோட்டைக்கு வரட்டும். எங்கள் வீட்டு அரங்கைத் திறந்து காட்டுகிறேன். கதவு தாழ்வானது, தலையைக் குனிந்து வரவேண்டும். ஒரு வருட ஈரமானிக் கணக்கு எழுதிய நோட்டும் அங்கேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்,
பாளையங்கோட்டை.
(பெயரை வெளியிட வேண்டாம்.)