பாப்பாவுக்கு, கவசம் விஷயமாக

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் இப்போது பரவாயில்லை. மாடி ஏறாதே என்று சொன்னால் கேட்பதில்லை, அது உனக்கே தெரிந்த கதை. வேறு பெரிய செய்தி இல்லாததால் நேரே கவசம் விஷயத்துக்கு வருகிறேன்.

போன தடவை வந்தபோது வீட்டுக் கணினியில் நீ விட்டுப்போன 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்' வீடியோ கேமின் சேவ், அதாவது ஆட்டத்தைப் பாதியில் சேமித்த கோப்பு, கண்ணில் பட்டது. என்னுடையதைத் தேடப் போய் உன்னுடையதைத் திறந்துவிட்டேன். திறந்தவன் உடனே மூடியிருக்கலாம். ஆனால் அங்கே நின்ற ஆளைப் பார்த்ததும் இது யாருடைய ஆட்டம் என்று சந்தேகமே வந்துவிட்டது. டி-51பி பவர் ஆர்மர் என்ற கனமான இரும்புக் கவசம், தலையில் ஹெல்மெட், அதுவும் வேகாஸின் சூதாட்டத் தெருவான ஸ்ட்ரிப்புக்குள், ஒரு எதிரிகூட இல்லாத இடத்தில். முகத்தைச் செதுக்க மட்டும் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தாயே, மூக்கு சரியில்லை என்று திரும்பத் திரும்ப மாற்றி. அந்த முகத்தை இப்போது நீயும் பார்ப்பதில்லை, மற்றவர்களும் பார்ப்பதில்லை.

முதல் ஆட்டத்தைத் தொடக்கத்திலிருந்து கடைசி ஹூவர் டேம் சண்டை வரைக்கும் தோல் கவசத்திலேயே முடித்தவள் நீ. அதை நான் சொல்லாத ஆள் கிடையாது. அப்படிப்பட்டவள் ஏன் இரும்புக்குள் புகுந்துகொண்டாள் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

கனமான கவசத்தில் லாபமே இல்லை என்று சொல்ல வரவில்லை. கணக்கு எனக்கும் தெரியும், நீ சொல்லிக்கொடுத்ததுதான். 2008இல் வந்த மூன்றாம் ஃபால்அவுட்டில் கவசம் அடியைச் சதவீதமாகக் குறைக்கும், அதுவும் 85க்கு மேல் போகாது. 2010இல் வந்த இந்த ஆட்டத்தில் சதவீதத்தை விட்டுவிட்டு டேமேஜ் த்ரெஷோல்ட் என்ற நிலையான எண்ணைக் கொண்டுவந்தார்கள். தோல் கவசத்துக்கு 6, காம்பாட் ஆர்மருக்கு 15, டி-51பிக்கு 25. வருகிற ஒவ்வொரு குண்டிலிருந்தும் அந்த எண்ணைக் கழிக்க வேண்டும். எவ்வளவு கழித்தாலும் ஐந்தில் ஒரு பங்கு அடி உள்ளே வந்தே தீரும்.

சரி, 30 பாதிப்புள்ள ஒரு குண்டு என்று வைத்துக்கொள். தோலில் 24 விழும், உன் டி-51பியில் 6தான். இதைப் பார்த்தால் யாரும் இரும்பைத்தான் எடுப்பார்கள். ஆனால் ஷாட்கன் சிதறலில் ஒரு துண்டு 8 என்றால்? தோலில் 2, உன்னுடையதில் 1.6. ஏறக்குறைய ஒன்றுதான். இன்னொரு பக்கம் 110 பாதிப்போடு ஒரு பெரிய துப்பாக்கி வெடிக்கிறது. தோலில் 104, உன்னுடையதில் 85. எந்தக் கவசமாக இருந்தாலும் கீழே விழப்போகிறவள் விழுவாள். ஆக, சில்லறை அடிக்குத் தோலே போதும், பேரிடிக்கு இரண்டுமே போதாது. நடுவில் இருக்கிற அடிகளுக்காக மட்டும்தான் 40 எடையை நாள் முழுக்கச் சுமக்கிறாய். இந்தக் கணக்கை நானாகப் போட்டேன். தப்பிருந்தால் சொல். சொல்வதற்காகவாவது இரண்டு வரி எழுது, வழக்கம்போல 'ம்' என்று அனுப்பாதே.

40 எடை என்பதையும் சும்மா விட முடியாது. தூக்கக்கூடிய அளவு 150, அதோடு வலிமை ஒவ்வொன்றுக்கும் பத்து. நீ ஆடுவது ஹார்ட்கோர் என்ற கடினமான முறை, அதில் தோட்டாவுக்கும் எடை உண்டு, தண்ணீரும் தூக்கியாக வேண்டும். அளவைத் தாண்டினால் ஓட முடியாது, வரைபடத்தில் தொட்டு ஒரே தாவாகப் போகும் ஃபாஸ்ட் டிராவலும் கிடையாது. நீ எல்லைக்கு ஒன்றிரண்டு குறைவாகத்தான் நின்றுகொண்டிருந்தாய். இன்னும் ஒரு பொருள் எடுத்தால் அவ்வளவுதான். கனமான கவசம் ஏற்கனவே நடையைக் குறைக்கிறது. காஸடோர் என்ற ராட்சதக் குளவிக் கூட்டம் துரத்தினால் என்ன செய்வாய்? அதன் விஷம் நீ போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து இறங்குவதில்லை. இறக்கையைச் சுட வேண்டும், இல்லாவிட்டால் ஓட வேண்டும் என்று எனக்குச் சொன்னவளே நீதான்.

நான் இப்போது லேசான கவசத்தில்தான் ஆடுகிறேன், சிரிக்காதே. சர்வைவல் திறனை 45க்கு ஏற்றி, நாலாவது லெவல் வந்ததும் டிராவல் லைட் என்ற சலுகையை எடுத்தேன். லேசான கவசம் போட்டிருந்தால் ஓட்டம் பத்து சதவீதம் கூடும். அதை நம்பி, ஆட்டம் தொடங்கும் ஊரான குட்ஸ்பிரிங்ஸிலிருந்து வடக்கே நேராக வேகாஸுக்குப் போகப் பார்த்து, என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை. வழியில் குவாரி ஜங்ஷனில் இருக்கும் டெத்கிளா என்ற ராட்சத மிருகத்துக்குப் பத்து சதவீதம் ஒரு பொருட்டே இல்லை. நீ அந்த வழியைத் தோல் கவசத்தோடு கடந்தாய் என்று அம்மாவிடம் சொன்னேன். "அவள் பிடிவாதக்காரி" என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

லேசான கவசத்தில் இருப்பவள் அடி படாமல் இருக்க வேண்டும், அதுதான் அதன் முழு சூட்சுமம். அதற்கு எதிரியை முன்கூட்டியே பார்க்க வேண்டும், பார்க்க ஆள் வேண்டும். ஆட்டத்தில் கூட வரும் துணைகளில் பறக்கும் ரோபோ எடி இருந்தால் தூரத்தில் இருப்பவர்கள்கூடக் காம்பஸில் தெரிவார்கள். குறிபார்த்துச் சுடும் பூன் இருந்தால் நீ குறிவைக்கும்போதே எதிரி ஒளிர்ந்து தெரிவான். நீ தோலோடு சமாளித்த காலத்தில் ஒருநாளும் தனியாகப் போனதில்லை. பூன், எடி, அப்புறம் உடை வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்த வெரோனிகா. இந்த சேவில் பக்கத்தில் யாருமே இல்லை. எல்லோரையும் துணைகள் தங்கும் லக்கி 38 கட்டடத்துக்கு அனுப்பிவிட்டாய். ஹார்ட்கோரில் செத்தால் திரும்ப மாட்டார்கள், அதனால்தான் அனுப்பினேன் என்பாய். ஞாயமான பயம்தான். ஆனால் அதற்காக எல்லோரையுமா?

சித்தி பேசியதை மனதில் வைத்துக்கொள்ளாதே. அவள் எப்போதும் அப்படித்தான், அவள் கேட்டதற்கு நாங்கள் யாரும் காரணமில்லை. இதை அம்மா எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

கவசத்துக்கு வருகிறேன். உன் டி-51பி பாதிக்கு மேல் தேய்ந்து கிடக்கிறது, கவனித்தாயா? தேயத் தேய அந்த 25 என்பது வெறும் பேச்சுதான், தடுக்கும் திறன் இறங்கிக்கொண்டே போகும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு என்னவோ முழுசாகத்தான் தெரியும். பழுது பார்க்க அதே மாதிரி இன்னொன்று வேண்டும், பவர் ஆர்மர் வழியில் கிடக்காது. ரிப்பேர் திறன் 90 வந்தால் ஜூரி ரிக்கிங் என்ற சலுகையை எடுக்கலாம், அப்புறம் எந்தக் கனமான கவசத்தைக் கொண்டும் ஒட்டுப்போடலாம். அதுவரைக்கும்? தோல் கவசம் என்றால் செத்துக் கிடக்கிற கொள்ளைக்காரனிடமிருந்தே உரித்துச் சரிசெய்துகொள்ளலாம். அதனால்தான் திரும்பச் சொல்கிறேன், லேசானதைப் போடு. முழுக்க லேசு வேண்டாம் என்றால் நடுத்தரமாவது போடு. ரேஞ்சர் காம்பாட் ஆர்மருக்கு 20 இருக்கிறது, எடை 30தான். அந்தக் கறுப்பு மேல்கோட்டு உனக்குப் பிடிக்கும்.

இல்லை, இரும்புதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் ரவுலையாவது கூட வைத்துக்கொள். பிளாக் மௌண்டனிலிருந்து நீ மீட்டு வந்த கிழவன். அவன் கூட இருந்தால் கவசமும் துப்பாக்கியும் தேய்வது பாதியாகக் குறையும். வேறு பெரிய வித்தை எதுவும் காட்டமாட்டான். முட்டி வலிக்கிறது, கண் தெரியவில்லை என்று புலம்புவான், கேலி பேசுவான். ஆனால் சேதாரம் குறையும். புலம்பல் தாங்க முடியாமல்தான் அவனை அனுப்பினாயோ என்னவோ. புலம்பலைக் கேட்டுக்கொண்டாவது கூட வைத்துக்கொள் என்பேன். நீ பேசாவிட்டாலும் அவன் பாட்டுக்குப் பின்னால் வருவான். ஒன்றும் கேட்கமாட்டான்.

இதையெல்லாம் விட என்னைத் தூங்கவிடாதது ஒன்று உண்டு. உன் ஆளின் கையில் கட்டிய கணினியான பிப்-பாயில் ஹார்ட்கோர் அளவுகளைப் பார்த்தேன். தண்ணீர் பரவாயில்லை, சாப்பாடும் சமாளிக்கலாம். தூக்கம்தான் எங்கேயோ போய் நிற்கிறது. அந்த அளவு ஏற ஏறச் சுறுசுறுப்பு குறையும், புத்தி மங்கும். கவசம் அதை ஈடுகட்டாது. 25 போட்டாலும் 50 போட்டாலும் தூங்காதவளுக்குக் கை நடுங்கும். ஸ்டிம்பாக் என்ற மருந்து ஊசியைப் போட்டுக்கொண்டே இருந்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதே. ஹார்ட்கோரில் அது மெதுவாகத்தான் ஏறும், உடைந்த காலையும் சேர்க்காது. அதற்கு டாக்டர் பேக் வேண்டும், இல்லாவிட்டால் டாக்டரிடமே போக வேண்டும். டாக்டரிடம் போவதில் ஒன்றும் குறைச்சல் இல்லை. குட்ஸ்பிரிங்ஸ் டாக்டர் மிட்செல் தலையில் குண்டு வாங்கியவளையே எழுப்பி உட்கார வைத்தவர். படுக்கை இருக்கும் இடமெல்லாம் உனக்குத் தெரியும். ஒரு இரவு முழுக்கத் தூங்க வை. மூன்று மணி நேரம் போதும் என்று கணக்குப் போடாதே.

நீ எடை குறைந்துவிட்டாயா என்று அம்மா கேட்கிறாள். நான் என்ன பதில் சொல்வது? எனக்குத் தெரிந்த எடை கவசத்தோடது மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை நீயே கூப்பிட்டு அவளுக்குப் பதில் சொல். ஐந்து நிமிஷம் போதும். விஷயம் எதுவும் பேச வேண்டாம், ஆட்டத்தைப் பற்றியே பேசலாம். அம்மாவுக்கும் இப்போது டெத்கிளா என்றால் என்ன என்று தெரியும்.

உன் சேவின் மேல் நான் எதையும் எழுதவில்லை, பயப்படாதே. தனியாக ஒரு ஸ்லாட்டில் ஒன்று போட்டிருக்கிறேன். லக்கி 38 மேலே போய், ஹெல்மெட்டைக் கழற்றி, உன் ஆளைப் படுக்க வைத்தேன். எழுந்ததும் ரவுலைக் கூட்டிக்கொண்டேன். கவசத்தை மாற்றவில்லை, அது உன் முடிவு. அந்தக் கோப்பை இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். சேவ் ஃபோல்டரில் போட்டால் பட்டியலில் முதலில் வரும்.

இப்படிக்கு,
அப்பா