கண்ணாடி முன் சிரிப்பதும் கன்று நடுவதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சில வாரங்களாக வரும் மகிழ்ச்சித் தொடரை விடாமல் படித்துவருகிறேன். எங்கள் வீட்டில் பேப்பர் முதலில் என் கணவர் கைக்குப் போகும். அவர் விலை நிலவரம் பார்த்து முடித்த பிறகுதான் எனக்கு. போன வாரத் தொடரில், தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று சிரித்த முகத்தோடு 'நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன், எனக்கு எல்லாம் நல்லதே நடக்கும்' என்று பத்து முறை சொல்லச் சொல்லியிருந்தார்கள். மகிழ்ச்சி நம் மனதில்தான் இருக்கிறது, துன்பத்தைத் தேர்ந்தெடுப்பதும் நாமேதான் என்று முடித்திருந்தார்கள். மகிழ்ச்சி மனதில் இருக்கிறது என்பதில் எனக்குச் சண்டை இல்லை. துன்பத்தை நாமே தேர்ந்தெடுக்கிறோம் என்ற அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் பண்ருட்டிக்கும் காடாம்புலியூருக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். செம்மண் கொல்லை, முந்திரியும் பலாவும்தான் பிழைப்பு. எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சேதியைச் சொன்னாலும் 'சுனாமிக்கு முன்னாடி', 'தானேவுக்குப் பிறகு', 'பதினஞ்சு மழையப்போ' என்றுதான் காலத்தைக் குறிப்போம். கடற்கரைக்காரர்களுக்கு 2004, ஊரெல்லாம் வெள்ளம் நின்றது 2015. முந்திரிக்காரர்களுக்கு 2011 டிசம்பர் 30.

அன்று காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரை ஏறியது. காற்று அடங்கி வெளியே வந்து பார்த்தால், எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து பக்கத்து ஊர் தெரிகிறது. நான் வாழ வந்த நாளிலிருந்து அது தெரிந்ததே இல்லை. நடுவில் தோப்பு இருந்தது, அவ்வளவுதான். என் கணவரின் தாத்தா வைத்த பலா வேரோடு சாய்ந்து மோட்டார் கொட்டகை மேல் கிடந்தது. முந்திரி மரங்கள் மண்ணைக் கவ்விக்கொண்டு புரண்டு கிடந்தன.

அப்புறம் துக்கம் விசாரிக்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சாவு வீட்டுக்கு வருவது போலத்தான் வந்தார்கள். கடலூரிலிருந்து காரில் வந்த உறவுக்காரத் தம்பி ஒருவர், 'பாசிட்டிவா இருங்க மாமா, எல்லாம் நல்லதுக்குத்தான், நம்ம மனசுலதான் இருக்கு எல்லாம்' என்றார். நல்ல பிள்ளை, அக்கறையாகத்தான் சொன்னார். அவர் கார் தெருமுனை திரும்பியதும் என் கணவர் என்னைப் பார்த்து, 'அப்போ நான் சிரிக்காம உக்காந்திருக்கறதுதான் இங்க தப்பா?' என்று கேட்டார். அதன் பிறகு அவர் யாரிடமும் பேசவில்லை. திண்ணையில் கொல்லையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்கும்.

அவரை எழுப்பியது கிழக்கு வீட்டுப் பெரியம்மா. அந்த அம்மாளுக்கு ஆறுதல் சொல்லவே தெரியாது. வாசலில் வந்து நின்று, 'தம்பி, என் கொட்டாய் வாசல்ல கிளை விழுந்து கெடக்கு. மாடு வெளிய வர முடியாம கத்துது. அரிவாள எடுத்துகிட்டு வா' என்றார். என் கணவர் எழுந்து போய்விட்டார். கூப்பிட்டது மூத்தவர், போகாமல் இருக்க முடியாதல்லவா? சாயங்காலம் வேட்டியெல்லாம் மரத்தூளாகத் திரும்பி வந்தார். ராத்திரி இரண்டாம் முறை சோறு கேட்டார். மறுநாள் பெரியம்மாவின் பக்கத்து வீட்டு மரம், அதற்கடுத்த நாள் தெருவில் கிடந்த மரம். எங்கள் சொந்தத் தோப்பில் கை வைத்தது எல்லாவற்றுக்கும் கடைசியில்தான். அவர் மனது எப்போது மாறியது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அரிவாளை எடுத்தபோது மாறியிருக்கவில்லை, அது மட்டும் நிச்சயம். மாறிய பிறகு எழுந்தவர் இல்லை அவர். எழுந்து போனதில்தான் மாறினார்.

விழுந்த பலா மரங்களை வியாபாரிகள் வந்து கேட்ட விலைக்குக் கொடுத்தோம். ஊரெல்லாம் மரம் கிடக்கும்போது யார் நல்ல விலை கேட்பார்கள்? பண்ருட்டிப் பலாவில் மிருதங்கம் கடைவார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டு மரமும் ஏதோ ஒரு சபாவில் கச்சேரிக்கு வாசிக்கப்பட்டுக்கொண்டிருக்கலாம். விறகுக்கும் போயிருக்கலாம். நான் மிருதங்கம் என்றே வைத்துக்கொள்கிறேன். இந்த அளவு பாசிட்டிவ் எண்ணம் எனக்கும் உண்டு.

என் தம்பி மகள் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்தவள். லீவுக்கு வந்திருந்தபோது உங்கள் தொடரை அவளிடம் காட்டினேன். கண்ணாடி விஷயத்தைப் பார்த்ததும், 'அத்தை, இதை ஏற்கெனவே சோதிச்சுப் பார்த்திருக்காங்க' என்றாள். 2009-இல் கனடாவில் ஜோவான் வுட் என்ற பேராசிரியரும் அவருடன் இருந்தவர்களும் செய்த ஆய்வாம். 'நான் அன்புக்குரிய மனிதர்' என்ற மாதிரி ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்திருக்கிறார்கள். தன்னைப் பற்றி ஏற்கெனவே நல்லபடியாக நினைப்பவர்களுக்கு அது கொஞ்சம் உதவியிருக்கிறது. தன்னைக் குறைவாக நினைப்பவர்களுக்கோ, சொல்லாமல் இருந்தவர்களை விட மனது இன்னும் கீழே போயிருக்கிறது. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. தோப்பு விழுந்து கிடக்கும்போது 'எனக்கு எல்லாம் நல்லதே நடக்கிறது' என்று வாய் சொன்னால், உள்ளே இருப்பவன் 'பொய்' என்று சொல்வான்தானே. மருந்து யாருக்குத் தேவையோ அவருக்கே ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதை எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கலாமா?

இன்னொன்றும் சொன்னாள், அது எனக்கு ரொம்பப் பிடித்தது. காப்ரியேல் எட்டிங்கன் என்று ஜெர்மனியில் பிறந்த உளவியலாளர் ஒருவர். உடல் எடையைக் குறைக்க முயன்ற பெண்களை வைத்து அவர் செய்த ஆய்வு 1991-இல் வெளிவந்தது. மெலிந்து அழகாக நிற்பது போலச் சுகமாகக் கனவு கண்டவர்கள் குறைவாகவே இளைத்தார்களாம். 'என்னால் முடியும்' என்று நம்பியவர்கள் கூடுதலாக இளைத்தார்களாம். நம்பிக்கை வேறு, பகல் கனவு வேறு என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆசைப்படுவதை நினைத்துப் பார், உடனே அதற்கு எது குறுக்கே நிற்கும் என்பதையும் நினைத்துப் பார் என்பதுதான் அந்த அம்மாள் பிறகு சொல்லிக்கொடுத்த வழி.

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விவசாயிக்கு இது தினப்படி வேலை. புயலுக்கு அடுத்த மழைக்காலத்தில் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து ஒட்டுக்கன்றுகளை வாங்கி வந்து ஏழு மீட்டருக்கு ஒன்றாக நட்டோம். நடும்போதே நானும் அவரும் பேசிக்கொண்டதெல்லாம் எது கெடும் என்பதைப் பற்றித்தான். சித்திரை வெயிலில் காய்ந்துவிடுமே, தண்ணீர் யார் சுமப்பது? ஆடு உள்ளே வந்தால்? ஒட்டுக்குக் கீழே நாட்டுத் துளிர் வந்து ஒட்டை அமுக்கிவிட்டால்? ஒவ்வொன்றுக்கும் வழி பார்த்தோம். கன்றுகளுக்கு நடுவில் மணிலாக்கொட்டையும் (வேர்க்கடலை) உளுந்தும் போட்டோம். வருமானத்துக்கு வருமானம், களையும் அடங்கும். முதல் இரண்டு வருடம் பூ வந்தால் கிள்ளிவிட வேண்டும் என்றார்கள், மரம் கட்டு ஏற வேண்டுமே. கடன் வைத்துக்கொண்டு வந்த பூவைக் கிள்ளி எறிவது எவ்வளவு கஷ்டம் என்று கிள்ளியவர்களுக்குத்தான் தெரியும். கெட்டதைப் பற்றி இத்தனை யோசித்த எங்களை யாராவது பார்த்திருந்தால் நெகட்டிவ் ஆட்கள் என்றிருப்பார்கள். ஆனால் நம்பிக்கை இல்லாதவர்கள் முந்திரிக் கன்று நடமாட்டார்கள். மூன்றாம் வருடத்தில்தான் கொஞ்சமாகக் கொட்டை கண்ணில் படும். முழு விளைச்சலுக்கு இன்னும் பல வருடம் காத்திருக்க வேண்டும்.

நல்ல எண்ணம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. கணக்கு எழுதும் நோட்டில் அன்றைய வரவு செலவுக்குக் கீழே நல்லதாக ஒன்றை எழுதி வைப்பது என் பழக்கம். கொட்டை விலை சரிந்த ஒரு நாள் அதில் 'மருமகள் அவளாகவே போன் செய்தாள்' என்று இருக்கிறது. இன்னொரு பக்கத்தில் 'கரண்ட் இருந்தது' என்று மட்டும் இருக்கிறது. எழுத வேறு கிடைக்கவில்லை போலும். இதற்கும் ஆய்வு உண்டாம். 2003-இல் அமெரிக்காவில் எம்மன்ஸ், மக்கல்லோ என்ற இருவர், நன்றி சொல்லத் தோன்றியவற்றை மாணவர்களிடம் வாரா வாரம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எரிச்சல்களை எழுதியவர்களை விட இவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றித் திருப்தியாகச் சொன்னார்களாம். இருக்கலாம். எனக்குத் தெரிந்தது, அந்த ஒரு வரிக்காக நாள் முழுக்கக் கண் கொஞ்சம் தேடுகிறது என்பதுதான். கண்ணாடி வாசகத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், இதில் எழுதுவது நிஜமாக நடந்தது.

தனி மனிதரின் மகிழ்ச்சி என்று உங்கள் தொடரில் திரும்பத் திரும்ப வருகிறது. எங்கள் ஊரில் முந்திரி உடைக்கும் கொட்டகைக்கு ஒரு நாள் உங்கள் நிருபரை அனுப்பிப் பாருங்கள். கொட்டையின் ஓட்டில் இருக்கும் எண்ணெய் கையில் பட்டால் தோல் வெந்து கறுத்துவிடும். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைப்பார்கள். கூலி அதிகமில்லை, முதுகு ஒடியும். ஆனால் காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை அங்கே சிரிப்புக்குக் குறைவில்லை. மாமியாரைப் போல நடித்துக் காட்டுவது ஒருத்தி, புதுசாகக் கல்யாணமானவளைக் கிண்டல் செய்வது ஒருத்தி. அதே பெண்ணை வேலை இல்லாத நாளில் தனியாக அவள் வீட்டில் பாருங்கள், சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஹார்வர்டில் 1938-இல் ஆரம்பித்து இன்றுவரை நடக்கும் ஆய்வு ஒன்று, நல்ல உறவுகள்தான் மனிதரை நிறைவாகவும் ஆரோக்கியமாகவும் வைக்கின்றன என்கிறதாம். அவ்வளவு தூரம் போவானேன்? வடலூர் தருமசாலையில் 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. பூசத்தன்று அங்கே காய் நறுக்க உட்காரும் பெண்களோடு நானும் உட்காருவேன். மலைபோல் பூசணிக்காய், முன்பின் தெரியாத பத்துப் பேர். மத்தியானத்துக்குள் எல்லார் வீட்டுக் கதையும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். கிளம்பும்போது மனது லேசாக இருக்கும். அங்கே யாரும் என்னை மகிழ்ச்சியாக இரு என்று சொன்னதில்லை, 'கத்திய இப்படிக் குடு' என்றுதான் சொல்வார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேலையும் ஆட்களும் எல்லோரையும் தூக்கிவிடாது. எங்கள் தெருவில் ஒரு தம்பி, புயலுக்குப் பிறகு அவனும் ஒடுங்கிப் போனான். கூப்பிட்டுப் பார்த்தார்கள், திட்டிப் பார்த்தார்கள், கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள். தூக்கம் போனது, குளிப்பது நின்றது. 'மனச தைரியமா வச்சுக்கடா' என்று சொல்லாதவர் இல்லை. சொல்லச் சொல்ல அவன் இன்னும் குறுகினான். கடைசியில் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் காட்டி, மாத்திரை சாப்பிட்டு, மாதக் கணக்கில் மெல்ல மெல்லத் தேறினான். இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறான். அவனுக்கு வந்தது நோய். காய்ச்சல்காரனிடம் 'சூட்டைத் தேர்ந்தெடுக்காதே' என்று யாராவது சொல்வோமா? துன்பத்தைத் தேர்ந்தெடுப்பது நாமே என்ற வரியை அப்படிப்பட்ட ஒருவன் உங்கள் பேப்பரில் படித்தால் என்ன ஆகும் என்று தொடர் எழுதுபவர் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அதனால் ஒரு வேண்டுகோள். தொடரை நிறுத்த வேண்டாம். அதன் கீழே வாரா வாரம் டெலி மானஸ் என்ற மனநல ஆலோசனை எண் 14416-ஐக் கொட்டை எழுத்தில் போடுங்கள். 2022-இல் மத்திய அரசு ஆரம்பித்த இலவசச் சேவை, இரவு பகல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். நம் மாநிலத்தின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். எங்கள் ஊரில் இந்த எண்கள் பாதிப் பேருக்குத் தெரியாது, ஆனால் பேப்பர் டீக்கடையில் எல்லார் கைக்கும் போகிறது. கண்ணாடிப் பயிற்சிக்குப் பதிலாக, கஷ்ட காலத்தில் யார் என்ன செய்தபோது உங்களுக்கு எழுந்திருக்கத் தோன்றியது என்று வாசகர்களைக் கேட்டு வாங்கிப் போடலாம். கடலூர் தேவனாம்பட்டினத்து மீனவப் பெண்களுக்கும், கடலூர் பழைய டவுனில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர்களுக்கும் என்னை விட நிறையச் சொல்ல இருக்கும்.

தோப்பு இப்போது பூ எடுத்திருக்கிறது. பனி அதிகம், தேயிலைக் கொசு என்கிற பூச்சி வேறு இறங்கியிருக்கிறது என்கிறார்கள். மருந்து அடிக்கிற ஆள் வாசலில் வந்து நிற்கிறான், இத்துடன் முடித்துக்கொள்கிறேன். கடிதம் நீளம் என்றால் மிருதங்க விஷயத்தை வெட்டிவிடுங்கள், 14416-ஐ மட்டும் வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
முந்திரி விவசாயி, ஒரு வாசகி,
பண்ருட்டி வட்டம், கடலூர் மாவட்டம்.