வாத்து வேட்டையின் முதல் நாளும் ஒரு 25 டாலர் ஸ்டாம்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவில் வாத்து வேட்டை தொடங்கும் நாளைத் திருவிழா போலக் கொண்டாடுகிறார்கள், கொல்வதற்கு ஒரு கொண்டாட்டமா என்று வாசகர் ஒருவர் உங்கள் பத்திரிகையில் கோபமாக எழுதியிருந்தார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது, நானும் துப்பாக்கியைத் தொடாத ஆள்தான். ஆனால் விஸ்கான்சினில், மிசிசிப்பிக் கரையில் உள்ள லா கிராஸில் பல வருடமாகக் குடியிருக்கிறேன். போன சீசனில் பக்கத்து வீட்டுப் பெரியவர் "சுட வேண்டாம், சும்மா வந்து உட்கார்" என்று கூப்பிட்டார், முதல் நாள் அவர் படகில் போனேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

இங்கே மிசிசிப்பி ஒரே ஆறாக ஓடாது. 1930களில் சரக்குப் படகுகளுக்கு ஆழம் வேண்டும் என்று வரிசையாக அணை கட்டியதில் கரையோரத் தாழ்நிலமெல்லாம் முழுகிவிட்டது. தீவு, ஓடை, சேறு, மஞ்சள் தாமரை, ஆள் உயரத்துக்குக் காட்டரிசி என்று கண்ணுக்கு எட்டியவரை கிடக்கிறது. பேக்வாட்டர் என்கிறார்கள். கேரளத்துக் காயலை நினைத்துக்கொள்ள வேண்டாம், இது முழுக்க நன்னீர். இதில் பெரும்பகுதி 1924-இல் அமைத்த காட்டுயிர்க் காப்பகம்: நாலு மாநிலங்களைத் தொட்டு 261 மைல் நீளம், சுமார் 2,40,000 ஏக்கர். காப்பகத்துக்குள்ளேயே வேட்டையா என்று நானும் வந்த புதிதில் வாயைப் பிளந்தேன்.

அதிகாலை 3 மணிக்குப் படகுத்துறையில் வண்டி நிறுத்த இடமில்லை. எல்லாரும் நெஞ்சு வரை ரப்பர் கால்சட்டை மாட்டிக்கொண்டு, நெற்றியில் விளக்கோடு, நல்ல இடம் பிடிக்க அடித்துப்பிடித்துக் கிளம்புகிறார்கள். எனக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டுத்தான் பெரியவர் எஞ்சினைத் தொட்டார். 1940 நவம்பர் 11-இல் திடீரென்று அடித்த பனிப்புயலில் இந்த ஆற்றுத் தீவுகளில் வாத்து வேட்டைக்கு வந்தவர்கள் விறைத்தே செத்தார்கள், அதை இந்தப் பக்கத்துக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. புல்லுக்குள் படகைச் செருகி, பறக்கும் வாத்துகள் ஏமாந்து இறங்கட்டும் என்று முன்னால் இரண்டு டஜன் பொம்மை வாத்துகளை மிதக்கவிட்டோம். அப்புறம் காத்திருப்பு. சூரியன் உதிக்க அரை மணி நேரம் முன்பிருந்துதான் சுடலாம். தலைக்கு மேல் சிறகு விசிறும் சத்தம் கேட்கிறது, பெரியவரோ செல்போனில் மணியையே பார்த்துக்கொண்டிருக்கிறார், நாய் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. நேரம் ஆனதுதான் தாமதம், நாலு திசையிலும் தீபாவளி விடியற்காலை மாதிரி வெடித்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன்.

ஆனால் இவர்களுக்கு இருக்கிற கணக்கு! ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 வாத்து. அந்த ஆறிலும் இந்த வகை இத்தனைக்கு மேல் கூடாது, அந்த வகைப் பெட்டை இத்தனைக்கு மேல் கூடாது என்று உள்கணக்கு. அரை வெளிச்சத்தில் பறந்து வருவது எந்த வாத்து என்று தெரியாமல் சுட்டால் அபராதம்தான். துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் நுழையாதபடி கட்டை அடைத்திருக்க வேண்டும். வாத்து வேட்டையில் ஈய ரவைக்கு, அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் ஈயக் குண்டுமணிகளுக்கு, 1991-இலிருந்து நாடு முழுக்கத் தடை. சேற்றில் விழுந்த ரவையை வாத்துகள் கல் பொறுக்குவதுபோல் பொறுக்கி விழுங்கி விஷமேறிச் செத்தன, அவற்றைத் தின்ற கழுகுகளும் செத்தன, அதனால் இப்போது எஃகு ரவை. இறைச்சியை விற்கவே கூடாது. ஒரு காலத்தில் சந்தைக்காகப் பீப்பாய் பீப்பாயாகச் சுட்டுத் தள்ளியவர்கள்தானே இவர்கள், பட்டுத்தான் திருந்தினார்கள். மரப்பொந்தில் முட்டையிடும் வுட் டக் என்ற அழகான வாத்து அப்படி அழியும் நிலைக்குப் போய், 1918-க்குப் பின் பல வருடம் அதைத் தொடவே தடை இருந்தது. அன்று பெரியவர் சுட்ட மூன்றில் இரண்டு அதுதான்.

காப்பகத்துக்குள்ளும் எல்லா இடத்திலும் சுட விடுவதில்லை. எங்கள் ஊருக்கு வடக்கே ஒனலாஸ்கா ஏரியில் பெரிய பகுதியை வேட்டைக் காலத்தில் மூடிவிடுகிறார்கள். தண்ணீருக்கடியில் வளரும் ஒரு புல்லின் கிழங்கைத் தின்ன அக்டோபர் கடைசியில் கான்வாஸ்பேக் வாத்துகள் அங்கே வந்து இறங்கும்போது பார்க்க வேண்டும், தண்ணீரே தெரியாது. அவை வந்து இறங்க இதுபோன்ற நீர்நிலைகள் இருக்கின்றனவே, அவற்றைக் காக்கக் காசு எங்கிருந்து வருகிறது?

நான் சொல்ல வந்தது இதைத்தான். 16 வயது நிரம்பிய எந்த வாத்து வேட்டைக்காரரும் உரிமத்தோடு 'டக் ஸ்டாம்ப்' என்ற, தபால்தலை போன்ற அரசாங்க ஸ்டாம்ப் ஒன்றும் வாங்கியாக வேண்டும். 1934-இல் ஒரு டாலருக்குத் தொடங்கியது, இன்று 25. அதில் ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் சதுப்புநிலம் வாங்கவும் காக்கவும் போகிறது, இதுவரை சுமார் 60 லட்சம் ஏக்கர். சதுப்பு நிலத்தைத் தூர்த்துச் சோள வயலாக்கிய காலத்தில் பணத்தைக் கட்டி அதை மீட்டவர்களில் முன்னால் நின்றது இந்தத் துப்பாக்கிக்காரர்கள். பறவையை ரசிப்பதாகச் சொல்லும் என்னைப் போன்றவர்கள் பைனாகுலர் வாங்கினோம், கேமரா வாங்கினோம், அங்கே நடந்து திரிந்தோம். ஸ்டாம்ப் வாங்கியவர் எத்தனை பேர்? நான் இத்தனை வருடத்தில் ஒன்றுகூட வாங்கவில்லை, அதுவும் பெரியவர் கேட்டபிறகுதான் உறைத்தது.

வேட்டைக்காரர்கள் எல்லாரும் யோக்கியர் என்று வாதாட வரவில்லை. அன்று பக்கத்து ஓடையில் இருந்த கும்பல் எட்டாத உயரத்தில் போன பறவைகளையெல்லாம் சுட்டது, சிறகொடிந்து எங்கோ புல்லுக்குள் விழுந்ததைத் தேடக்கூட இல்லை. போகும்போது காலித் தோட்டா உறைகள் தண்ணீரில் மிதந்தன. பெரியவர் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே அவற்றைப் பொறுக்கினார். இந்த முறையை நம் ஊருக்குக் கொண்டு வாருங்கள் என்றும் சொல்லவில்லை. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவில் வேட்டையை நிறுத்தியது, நிறுத்தியபடியே இருக்கட்டும். வேடந்தாங்கலுக்கு வரும் அதே ஊசிவால் வாத்து இனம்தான் கனடாவிலிருந்து எங்கள் ஆற்றுக்கும் வருகிறது, அதை இங்கே சுடுகிறார்கள் என்பதில் எனக்கும் வருத்தம் உண்டு.

ஆனால் அமெரிக்காவில் இருக்கும் தமிழர்கள், முக்கியமாக வார இறுதியில் பறவை பார்க்கக் கிளம்புகிறவர்கள், திட்டுவதற்கு முன்னால் 25 டாலர் கட்டலாம். வேட்டைக்காரர்தான் வாங்க வேண்டும் என்று சட்டமில்லை. பல தபால் நிலையங்களிலேயே கிடைக்கும், ஜூலை முதல் ஜூன் வரை செல்லும், நுழைவுக் கட்டணம் வாங்கும் காப்பகங்களில் அதைக் காட்டினால் போதும். நான் அடுத்த திங்கட்கிழமையே வாங்கிவிட்டேன்.

படகுத்துறையில் பெரியவர் எனக்கு ஒரு வாத்து கொடுத்தார். அதற்கும் சீட்டு: எந்த வகை, எத்தனை, எந்தத் தேதி, அவர் கையெழுத்து. வீடு போய்ச் சேரும்வரை இன்ன வாத்து என்று தெரிய ஒரு சிறகைப் பிய்க்காமல் விட வேண்டுமாம். தஞ்சாவூர்ப் பக்கம் அறுவடை முடிந்த வயலில் வாத்துக் கிடை போடுகிறவர்களிடம் வாங்கி என் அம்மா வைத்த மிளகுக் குழம்பை நினைத்துக்கொண்டு அடுப்பில் ஏற்றினேன். வீட்டம்மா அந்தச் சிறகைப் பார்த்ததிலிருந்து இரண்டு நாள் சமையலறைப் பக்கமே வரவில்லை. குழம்பில் எஃகு ரவை ஒன்று பல்லில் பட்டது.

இப்படிக்கு,
லா கிராஸ் வாசகர், விஸ்கான்சின்